கேமரா வாங்கப் போனோம்

நம் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களை நீங்கள் எப்போதாவது புரட்டிப் பார்த்ததுண்டா? சென்ற ஆண்டு நூலக அலமாரியைத் துடைக்கும் பணி எங்கள் வகுப்பிற்கு வந்தபோது நாங்கள் பார்த்தோம். துடைக்க வேண்டிய அலமாரியை மறந்து, தரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பரிசு வழங்கும் விருந்தினர், மாலை அணிவிக்கும் மாணவி, விளையாட்டு விழா அணிவகுப்பு, நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்த ஆசிரியைகள், கைகட்டி நிற்கும் வகுப்புத் தலைவியர் என எல்லோரும் அவற்றில் இருந்தனர். மணி அடிப்பவர் இல்லை. வகுப்பறை கூட்டுபவர் இல்லை. சமையற்கூடத்தார் ஒருவர்கூட இல்லை. அன்று அது எங்களுக்கு ஒரு குறையாகத் தோன்றவே இல்லை.

ஆகஸ்டு மாதத்தில் தோன்றியது. நம் சத்துணவுக் கூடத்தில் பல்லாண்டு சமைத்த பாட்டி இறைவனடி சேர்ந்தார். “வயிறு நிறைஞ்சுதா பிள்ளே?” என்று ஒவ்வொரு தட்டையும் பார்த்துக் கேட்டவர் அவர். மலர்மாலையோடு அவர் வீட்டிற்குச் சென்றோம். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பலகை வைத்திருந்தார்கள். அதில் இருந்த முகம் எங்கள் பாட்டியினுடையது என்று எங்களுக்கே தெரியவில்லை! ஆதார் அட்டையில் இருந்த சிறு படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். புகை படிந்தாற்போல ஒரு முகம். பேரனின் செல்பேசியில் வேறொரு படம் இருந்தது. அதில் பாட்டி திரும்பிக்கொண்டிருந்தார், பாதி முகம்தான். “இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டாளே, பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டோ இருக்காதா தாயி?” என்று அவர் மகள் எங்களைக் கேட்டார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் புகைப்பட மன்றம் பிறந்தது. சிஸ்டரிடம் சொன்னோம், சிஸ்டர் மதரிடம் சொன்னார்கள். பள்ளிக்குள் மாணவியர் செல்பேசி கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஆகவே பள்ளிக்கென்று ஒரு கேமரா வேண்டும். பழைய மாணவியர் சங்கம் 30,000 ரூபாய் தந்தது. பள்ளி விழாவில் முறுக்கும், புளியங்குடி எலுமிச்சையில் எங்கள் அம்மாமார் போட்ட ஊறுகாயும் விற்று 12,350 ரூபாய் சேர்த்தோம். பெற்றோர் ஆசிரியர் கழகம் மீதி 7,650 ரூபாயைக் கொடுத்து 50,000 ஆக்கியது. அம்மாமாருள் பலர் விசைத்தறியில் நிற்பவர்கள். சிலர் பூச்சந்தைக்கு விடியுமுன் செல்பவர்கள். அந்த ரூபாயின் எடை எங்களுக்குத் தெரியும்.

எங்கு வாங்குவது? நம் ஊர் ஸ்டுடியோ அண்ணாச்சி வழி சொன்னார். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் புகைப்படத் தொழிலாளருக்கான கண்காட்சி நடக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்தில் கையில் எடுத்துப் பார்க்கலாம். தாமும் போகிறார் என்றார். மன்றத்திலிருந்து நால்வர், உடன் சிஸ்டர், அண்ணாச்சி எனப் பயணம் முடிவாயிற்று. பயணச் செலவை எங்கள் வீட்டார் ஏற்றுக்கொண்டனர். சிற்றாலயத்தில் செபித்துவிட்டு, ஒரு மாலைப்பொழுதில் சங்கரன்கோவில் நிலையத்தில் பொதிகை விரைவு ரயிலில் ஏறினோம். எங்களுள் இருவருக்கு அதுவே முதல் சென்னைப் பயணம். மகிழ்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்!

இராஜபாளையம் தாண்டியதும் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். அப்போது சிஸ்டர் ஒரு கதை சொன்னார்கள். 1838-ஆம் ஆண்டு டாகுவேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரின் ஒரு பெருந்தெருவைத் தம் வீட்டுச் சன்னலிலிருந்து படம் பிடித்தாராம். பகல் நேரம், வண்டிகளும் மனிதரும் நிறைந்த தெரு. ஆனால் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது! காரணம், அக்காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். நடந்துகொண்டே இருந்தவர் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகு போடுவதற்காக ஓரிடத்தில் நின்ற ஒரு மனிதரோ பதிந்தார். மனிதன் தெரியும் பழைய புகைப்படங்களுள் முதன்மையானதாக அதனைச் சொல்கிறார்கள். நம் தமிழகத்திலும் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1858-இல் மதுரைக் கோயிலைப் படம் பிடித்தார். கல்தூண்கள் துல்லியமாகப் பதிந்தன. கல் அசைவதில்லை அல்லவா!

“அசையாமல் நிற்க நேரம் உள்ளவர்கள் படத்தில் வருவார்கள். ஓடியாடி உழைப்பவர்கள் வரமாட்டார்கள். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான்” என்றார்கள் சிஸ்டர். எங்கள் கண்முன் பாட்டியின் பாதி முகம் வந்து போயிற்று.

அண்ணாச்சி எதிர் இருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “ஏ பிள்ளைகளா, கடைக்குள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. யார் மொகத்தை எடுக்கப் போறீய? எந்த வெளிச்சத்துல எடுக்கப் போறீய? இதுக்குப் பதில் தெரியாம எந்தக் கடையிலயும் ஏறாதீய” என்றார். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். முகம்: சமையற்கூடத்தார், ஆயாம்மா, காவலர் தாத்தா, தோட்டக்காரர். வெளிச்சம்: ஒரு சன்னலும் ஒரு குழல் விளக்கும்.

மறுநாள் காலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் பரங்கிமலை சென்றோம். அருகிலிருந்த கன்னியர் மடத்தில் குளித்து, காலை உணவு உண்டு, ஆட்டோக்களில் நந்தம்பாக்கம் சேர்ந்தோம்.

அப்பப்பா! அரங்கத்தின் உள்ளே நுழைந்ததும் கண் கூசிற்று. ஆடித்தபசுக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய எங்களுக்கே மலைப்பாக இருந்தது. ஒரு புறம் திருமண ஆல்பங்களை அச்சிட்டுக் கட்டும் இயந்திரங்கள். மறு புறம் ஆளுயர விளக்குகள், பூந்தோட்டமும் அரண்மனையும் வரைந்த பின்னணித் திரைகள், வானில் பறந்து படமெடுக்கும் டிரோன்கள், கை நடுங்கினாலும் படம் நடுங்காமல் காக்கும் கிம்பல்கள். கேனன், நிக்கான், சோனி, ஃபியூஜி என்ற பெயர்கள் ஒளிர்ந்தன. எல்லாம் ஜப்பான் நாட்டுப் பெயர்கள்! “நம்ம நாட்டுப் பேரே இல்லையா அண்ணாச்சி?” என்றோம். அவர் பெருமூச்செறிந்தார். ஊட்டியில் 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டதையும், ‘இந்து’ என்ற பெயரில் அது செய்த பிலிமில்தான் தாம் தொழில் கற்றதையும் சொன்னார். பிலிமின் காலம் போயிற்று. அந்த ஆலையும் மூடப்பட்டது.

பிலிமுக்கு வந்த கதி கண்காட்சிக்கும் வந்திருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1950 முதல் ‘போட்டோகினா’ என்ற உலகப் பெருங்கண்காட்சி நடந்து வந்தது. 2018-இல் நடந்ததே கடைசி; 2020-இல் அதனை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். எல்லோர் சட்டைப்பையிலும் செல்பேசிக் கேமரா வந்துவிட்டதல்லவா? “அப்படியானால் நமக்கு மட்டும் கேமரா எதற்கு?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். விடையை ஒரு கடையிலேயே கண்டோம். கேமராவின் உள்ளே படத்தை வாங்கும் சில்லு, நாங்கள் பார்த்தவற்றில், ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் அகலம். பெரிய தபால்தலை அளவு. செல்பேசியில் அது சுண்டுவிரல் நகத்தளவுதான். பெரிய பாத்திரத்தில் மழைநீர் கூடுதலாகச் சேர்வதுபோல, பெரிய சில்லில் வெளிச்சம் கூடுதலாகச் சேர்கிறது. இருண்ட அறையில் இந்த வேறுபாடு தெரியும்.

முதல் சில கடைகளில் எங்களுக்கு ஒரு விசித்திர அனுபவம். கேள்வி கேட்டவர்கள் நாங்கள். விற்பனையாளர் விடை சொன்னதோ அண்ணாச்சியிடம்! “சார், இது கல்யாண வேலைக்கு நல்லா ஓடும்” என்றார்கள். அண்ணாச்சி கையை விரித்து, “வாங்கப் போறது நான் இல்ல தம்பி, அவங்க” என்று எங்களைக் காட்டினார். அப்போதும் நம்பவில்லை! பூ வரைந்த தோள்வாரையும் இளஞ்சிவப்புப் பையையும் எடுத்துக் காட்டினார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பின்னர் தேநீர் அருந்தும்போது சிஸ்டர் ஹோமாய் வியாரவாலாவைப் பற்றிச் சொன்னார்கள். அவர் 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் அவர் கணவர் பெயரில் வெளியாயின. பின்னர் ‘டால்டா 13’ என்ற புனைபெயரில் புகழ் பெற்றார். சேலை உடுத்தி, கனமான கேமராவைச் சுமந்து, 1947-இல் நாடு விடுதலை பெற்ற காட்சிகளைப் பதிவு செய்தார். 1970-இல் தொழிலை விட்டார். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டு மறைந்தார். “அவரிடமும் யாராவது பூப்போட்ட வார் காட்டியிருப்பார்கள். அவர் அதற்காகத் திரும்பிப் போகவில்லை” என்று முடித்தார்கள் சிஸ்டர். நாங்கள் தேநீரை ஒரே மிடறாகக் குடித்து எழுந்தோம்.

இம்முறை ஒருத்தி முன்னே நின்று கேட்டாள்: “ஐந்து புள்ளி ஆறுக்கும் ஒன்று புள்ளி எட்டுக்கும் வெளிச்சத்தில் எத்தனை மடங்கு வித்தியாசம்?” விற்பனையாளர் அப்போதுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார். லென்ஸின் துளையைக் குறிக்கும் எண் அது. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். கேமராவோடு வரும் சாதாரண லென்ஸில் முகத்தை நெருக்கிப் பார்க்கும்போது துளை 5.6. தனியே விற்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸில் 1.8. துளையின் பரப்பைக் கணக்கிட்டால் பின்னது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, ஒன்றில் பத்தில் ஒரு நொடி பிடிக்கும் படத்தை மற்றொன்றில் நூறில் ஒரு நொடியில் பிடித்துவிடலாம். பத்தில் ஒரு நொடியில் கரண்டி பிடித்த கை கலங்கிவிடும். நூறில் ஒரு நொடியில் பெரும்பாலும் கலங்காது. பாரிஸ் தெருவில் பதியாமல் போனவர்களை எண்ணிக்கொண்டோம். எங்களுக்கு வேண்டியது அந்த லென்ஸ்தான்!

ஆனால் பணம்? கேமராவும் சாதாரண லென்ஸும் சேர்ந்து 44,500 ரூபாய். 50 மில்லிமீட்டர் லென்ஸ் 9,800. இரண்டும் சேர்ந்தால் எங்கள் 50,000-ஐத் தாண்டிவிடும். ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “பில் வேண்டாமென்றால் கேமராவை 38,500-க்குத் தருகிறேன். லென்ஸும் வாங்கலாம், மெமரி கார்டும் வாங்கலாம்.” நாங்கள் மனக்கணக்குப் போட்டோம். எல்லாம் வந்துவிடும்! ஆசை யாரை விட்டது? எங்களுள் இருவர் தலையைக்கூட ஆட்டிவிட்டோம்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. எங்களை ஓரமாக அழைத்துச் சென்று, மெதுவாகக் கேட்டார்கள்: “பில் இல்லையென்றால் உத்தரவாதமும் இல்லை. அது ஒரு புறம் இருக்கட்டும். ஊறுகாய் போட்ட அம்மாமாருக்கு என்ன தாளைக் காட்டுவீர்கள்?”

“அவர்கள் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள் சிஸ்டர்” என்றோம்.

“கேட்கமாட்டார்கள். அதனால்தான் கணக்கு வேண்டும்.”

அதற்குமேல் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அண்ணாச்சிதான் வழி காட்டினார். சாதாரண லென்ஸை விட்டுவிட்டு, கேமராவின் உடலை மட்டும் வாங்கினால் 36,500. அத்துடன் 50 மில்லிமீட்டர் லென்ஸ். ஆனால் அதில் ஓர் இழப்பு உண்டு. அந்த லென்ஸ் முன்னும் பின்னும் நீளாது. பார்க்கும் பரப்பும் குறுகலானது. வகுப்புப் படம் எடுக்கத் திடலின் கோடி வரை பின்னே போக வேண்டும். மேடை விருந்தினரைத் தூரத்திலிருந்து நெருக்கிப் பிடிக்க முடியாது. ஆண்டு விழாவுக்கு உதவாத கேமராவா என்று பள்ளியில் கேட்கமாட்டார்களா? நீண்ட நேரம் வாதாடினோம். இறுதியில் ரயிலில் எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தோம். விருந்தினர் பெயர் அதில் இல்லை. வகுப்புப் படமும் விழாப் படமும் எடுக்க அண்ணாச்சி இருக்கிறார். சமையற்கூடத்திற்கு எவரும் இல்லை. முடிவு செய்துவிட்டோம்!

கேமரா 36,500, லென்ஸ் 9,800, மெமரி கார்டு 900, கறுப்பு நிறப் பை 1,000. வரியோடு பில் போட்டு மொத்தம் 48,200. மீதி 1,800 ரூபாய் படம் அச்சிடுவதற்கு. கடல் காற்றிலும் மழைக்காலத்திலும் லென்ஸில் பூஞ்சை படியும் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் பையில் போட்டு மூட வேண்டும் என்று அண்ணாச்சி பாடம் சொன்னார்.

வாங்கியதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டுமாம். யாரை எடுப்பது? நால்வரும் ஒருசேர அண்ணாச்சியைப் பார்த்தோம். “என்னையவா?” என்று அவர் பின்வாங்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊரின் மணமக்களையும் முதல் நன்மை வாங்கும் குழந்தைகளையும் படம் எடுத்தவருக்கு, தம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை! சட்டைக் காலரை இழுத்துவிட்டார். சிரிக்கலாமா என்று கேட்டார். எங்கள் கேமராவின் முதல் படம் அதுதான்.

திரும்புமுன் புனித தோமையார் மலையில் ஏறினோம். 1523-இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய அந்தச் சிற்றாலயத்தில் மண்டியிட்டு நன்றி செலுத்தினோம். தோமையார் தம் கண்ணால் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்னவர் அல்லவா? ஆண்டவர் அவரைக் கடிந்து ஒதுக்கவில்லை. அருகில் அழைத்துக் காட்டினார். “பார்ப்பதற்கு அருகில் போக வேண்டும். உங்கள் லென்ஸும் அப்படித்தானே!” என்று சிஸ்டர் சிரித்தார்கள். கீழே விமானங்கள் இறங்கும் காட்சி அழகாக இருந்தது. அதனைப் படம் எடுக்கவில்லை. அடுத்த படம் யாருடையது என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

பள்ளிக்குத் திரும்பிய மறுநாள், ஆயாம்மாவைத் தேடிப் போனோம். 31 ஆண்டுகளாக நமக்கு மணி அடிப்பவர். “என்னைய எதுக்கு தாயி எடுக்கிய? நான் என்ன பெரிய மனுஷியா?” என்றார். முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து விறைப்பாக நின்றார். நன்றாக அமையவில்லை. அப்போது மூன்றாம் பாடவேளை முடியும் நேரம் ஆயிற்று. எங்களை மறந்து மணிக்கு ஓடினார். கையை ஓங்கிய அந்த நொடியில் எடுத்தோம். அதுதான் இம்மலரில் நீங்கள் காணும் படம். கை கலங்கவில்லை, பாருங்கள்!

சமையற்கூடத்தில் எங்கள் லென்ஸின் குறுகிய பார்வையால் வாசற்படி வரை பின்வாங்க வேண்டியதாயிற்று. ஒருத்தி தண்ணீர்க் குடத்தில் மோதி நனைந்தாள். மொத்தம் பதினான்கு பேரைக் கேட்டோம். பதின்மூவர் இசைந்தனர். ஒருவர், “எனக்கு வேண்டாம் பிள்ளைகளா, மனசில்ல” என்றார். அவரை வற்புறுத்தவில்லை. அவர் விருப்பப்படி பெயரை மட்டும் அச்சிட்டிருக்கிறோம். எல்லோரிடமும் கேட்ட பிறகே எடுக்க வேண்டும் என்பதை மன்றத்தின் முதல் விதியாக எழுதி வைத்தோம்.

மீதி 1,800 ரூபாயில் ஒவ்வொருவருக்கும் ஒரு படத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்தோம். ஆயாம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, முந்தானையில் துடைத்து, “இது போதும் தாயி. இதை வீட்டுல மாட்டிக்கிடுதேன்” என்றார். எதற்குப் போதும் என்று நாங்கள் கேட்கவில்லை.

பாட்டியின் படம் மட்டும் எங்களிடம் இல்லை. எந்தக் கேமராவாலும் இனி அது முடியாது. அவர் மகளிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் எங்களை அமரச் செய்து, காபி கொடுத்தார், பிறகு, “அப்போ என்னைய ஒண்ணு எடுங்க. எம் பிள்ளைகளுக்கு ஆகும்” என்றார். எடுத்தோம். அவர் திரும்பியபோது, முகவாயில் பாட்டியின் சாயல் இருந்தது.

பில் மன்றத்தின் கோப்பில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.